ஏடிஆர் 72-600 சிமுலேட்டர் இன்ஸ்ட்ரக்டர் வேலை: முதல் செஷன்களை எப்படி நடத்துவது?

இடதுஇருக்கை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து சிறு ஊர்களுக்குப் பறக்கும் ஒரு பிராந்திய நிறுவனத்தில் ஏடிஆர் 72-600 கேப்டனாக இருக்கிறேன். எஸ்எஃப்ஐ (சிமுலேட்டர் இன்ஸ்ட்ரக்டர்) பயிற்சிக்குப் பெயர் வந்திருக்கிறது. விதிமுறைகளும் பாடத்திட்டமும் கையில் இருக்கின்றன. அவற்றில் இல்லாததைத்தான் இங்கே கேட்கிறேன்.

நான்கு மணி நேர ஸ்லாட்டை எப்படிப் பிரிப்பது? வி1-ல் (டேக்-ஆஃபை நிறுத்த முடிவெடுக்கும் கடைசி வேகம்) எஞ்சின் ஃபெயிலியர் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பின் இருக்கையில் ஐஓஎஸ் (இன்ஸ்ட்ரக்டர் கட்டுப்பாட்டு) திரையை வைத்துக்கொண்டு புதியவர்கள் பொதுவாக எங்கே தடுமாறுகிறார்கள்? குறிப்பு எழுதுவதும் டீபிரீஃபிங்கும் எப்படி இருந்தால் பைலட்டுக்குப் பயன்படும்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

சுழல்விசிறி பதில்:

வாழ்த்துகள் கேப்டன். நேரக் கணக்கிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் பெரும்பாலான செஷன்கள் கெடுவது அங்கேதான்.

ஸ்லாட் 240 நிமிடம். உள்ளே ஏறி இருக்கை சரிசெய்து, பெல்ட் போட்டு, சிமுலேட்டருக்கு ஏறும் பாலம் மேலே போவதற்குப் பத்து நிமிடம். நடுவில் இடைவேளை பதினைந்து. மிச்சத்தை இரண்டாகப் பிரித்தால் ஒரு பைலட்டுக்கு நூறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். வி1 கட் (வி1-ல் எஞ்சின் நிறுத்தம்), ஒற்றை எஞ்சினில் ஐஎல்எஸ் (கருவி வழி இறக்கம்), அதிலிருந்து கோ-அரவுண்ட், மறுபடி வந்து இறங்குவது என்று முழுச் சுற்று போனால் 25 முதல் 30 நிமிடம் ஆகிவிடும். அப்படியானால் ஒருவருக்குப் பெரிய பயிற்சி மூன்றுதான். ஏதாவது ஒன்றைத் திரும்பச் செய்ய இருபது நிமிடம் கையிருப்பு வேண்டும். அந்தக் கையிருப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். பாடத்திட்டம் கோராத வரை முழு இருட்டு காக்பிட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், அதிலேயே அரை மணி போய்விடும். எஞ்சின் ஓடும் நிலையில் ரன்வே முனையில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது வி1 கட். கையால் பட்டனை அழுத்திக் கொடுக்காதீர்கள். வேகத்தை முன்கூட்டியே ஐஓஎஸ்ஸில் பதிந்து ஆர்ம் செய்து வைத்துவிட்டு இருக்கையில் சாய்ந்து உட்காருங்கள். நீங்கள் திரையை நோக்கிக் குனிந்தாலே முன்னால் இருப்பவரின் கால் இறுகுவதைப் பார்க்கலாம். அதே காரணத்துக்காக, நடுவில் ஒரு டேக்-ஆஃப் ஒன்றும் நடக்காமல் போகட்டும். எடையைப் பொறுத்து வி1 105-லிருந்து 115 நாட்டுக்குள் இருக்கும். அதற்கு ஒரு நாட் மேலே வையுங்கள். இரண்டு மூன்று நாட் முன்னால் விழுந்தால் வி1 அழைப்பும் எச்சரிக்கை மணியும் ஒன்றாக வந்து, நிற்பதா போவதா என்ற பாடமாக மாறிவிடும். அதுவும் தேவையான பாடம்தான், ஆனால் அதைத் தனியாக, தெரிந்தே கொடுங்கள்.

ஏடிஆரில் இந்தப் பயிற்சியின் உயிர் ஏடிபிசிஎஸ்ஸில் (டேக்-ஆஃபில் எஞ்சின் நின்றால் பவரைத் தானாகச் சமாளிக்கும் அமைப்பு) இருக்கிறது. தரையில் நின்று, பவர் மேனேஜ்மென்ட் திருகு டேக்-ஆஃப் நிலையில், இரண்டு பவர் லிவரும் முன்னே, இரண்டு டார்க்கும் (எஞ்சினின் திருப்பு விசை) 46 சதவீதத்துக்கு மேல் என்றால்தான் ஆர்ம் விளக்கு எரியும். ஒரு பக்க டார்க் 18 சதவீதத்துக்குக் கீழே விழுந்தால் மற்ற எஞ்சினுக்கு உடனே அப்-ட்ரிம், 90-லிருந்து 100 சதவீதம். சுமார் இரண்டு நொடி கழித்து செத்த பக்கப் பிரொப்பெல்லர் தானாக ஃபெதருக்கு (இலைகள் காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பும் நிலை) போகும். அந்த இரண்டு நொடியில் விமானம் எப்படி இழுக்கிறது, ஃபெதர் ஆனதும் எப்படி லேசாகிறது என்பதைப் பைலட் காலால் உணர வேண்டும். முதலில் கொடுத்த ரட்டரை அப்படியே வைத்திருந்தால் மூக்கு மறுபக்கம் போகும். பெரும்பாலானோர் தடுமாறுவது இந்த இரண்டாவது திருத்தத்தில். ஹெடிங் விலகலைக் கவனித்தால் தெரியும், முதலில் செத்த எஞ்சின் பக்கம் ஐந்தாறு டிகிரி, பிறகு அதே அளவு எதிர்ப்பக்கம்.

எல்லாவற்றையும்விட உங்கள் கண் இருக்க வேண்டிய இடம் நடு மேடை. லிவரைத் தொடுபவர் "பவர் லிவர் டூ" என்கிறார், மற்றவர் "கன்ஃபர்ம்" என்கிறார். சொன்னவருடைய கண் லிவருக்குப் போனதா? எஞ்சின் திரைக்குப் போனதா? கண் போகாமல் வாய் மட்டும் சொல்லியிருந்தால், எஞ்சின் சரியாகவே அணைக்கப்பட்டிருந்தாலும் அந்தப் பயிற்சி முடியவில்லை.

2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா 235 விழுந்தது இதே வகை விமானம், 72-600. சுமார் 1,200 அடியில் எச்சரிக்கை வந்தது. இரண்டாம் பக்கப் பிரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆகியிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காரணம் ஆட்டோ-ஃபெதர் யூனிட்டில் விட்டு விட்டு வந்த மின் தொடர்பு. கேப்டன் சில நொடிகளிலேயே ஒன்றாம் பக்க பவர் லிவரைப் பின்னுக்கு இழுத்தார், பிறகு அந்த நல்ல எஞ்சினையே அணைத்துவிட்டார்கள். விமானத்தில் இருந்த 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: டேக்-ஆஃப் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே ஆர்ம் விளக்கு எரியவில்லை, இருந்தும் ஓட்டம் தொடர்ந்தது. அதனால் செஷனில் ஒரு முறையாவது ஆர்ம் விளக்கை எரியவிடாமல் செய்யுங்கள். "ஏடிபிசிஎஸ் ஆர்ம்ட்" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டு ஓடுகிறவர்கள் யார் என்பது அந்த ஒரு ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

கையைப் பார்க்கப் பழகுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல இரண்டாவது காரணம் பொக்காரா. 2023 ஜனவரி 15, எட்டி ஏர்லைன்ஸ் 691, 72-500. ஃபிளாப் 30 கேட்டபோது ஃபிளாப் லிவருக்குப் பதிலாக இரண்டு கண்டிஷன் லிவர்களும் (பிரொப்பெல்லரையும் எரிபொருளையும் கட்டுப்படுத்துபவை) ஃபெதருக்குப் போயின. இரண்டு எஞ்சினும் ஓடின, உந்துவிசை இல்லை. 72 பேரும் இறந்தார்கள். லிவரைப் பார், தொடு, பெயர் சொல், நகர்த்து, பிறகு திரையில் பலன் வந்ததா என்று பார். ஃபிளாப், கியர் போன்ற அன்றாட அசைவுகளிலேயே இதைக் கேளுங்கள். அன்றாடம் வராத ஒழுக்கம் அவசரத்தில் வராது.

---

ஆறுகால் பதில்:

நான் பராமரிப்புப் பக்கம். சிமுலேட்டரை ஓட்டிக் காட்டுகிறவர்களுக்கு எங்கள் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

மோஷன் ஆன் செய்யும் முன் நான்கைப் பாருங்கள்: பின் கதவு, பாலம், எல்லோருடைய பெல்ட் (உங்களுடையதும்தான்), கட்டிப்போடாத பொருள்கள். தண்ணீர் பாட்டிலும் டேப்லெட்டும்தான் அதிகம் பறப்பவை. பெடலுக்கு அடியில் பாட்டில் உருண்டு போனால் கன்ட்ரோல் லோடிங் பழுது என்று எங்களுக்கு ஸ்னாக் (பழுதுக் குறிப்பு) வரும். சிவப்பு எமர்ஜென்சி ஸ்டாப் எங்கே, பாலம் வராவிட்டால் இறங்கும் வழி எது என்பதை முதல் முறை வரும் குழுவுக்குக் கைநீட்டிக் காட்டுங்கள்.

ரீபொசிஷன், அதாவது சிமுலேட்டரில் விமானத்தை வேறு இடத்துக்குத் தூக்கிவைப்பது. புதியவர்களில் முக்கால்வாசிப் பேர் சிக்குவது இங்கேதான். எஞ்சினை அணைத்த நிலையில் பயிற்சி முடிந்து, அப்படியே ரன்வே முனைக்குக் கொண்டுவந்து "ரெடி" என்றால் ரெடி இல்லை. கோளாறுகளை எல்லாம் கிளியர் செய்யுங்கள், குவிக் ஸ்டார்ட் கொடுங்கள். கண்டிஷன் லிவர் இரண்டும் ஆட்டோவுக்கு வந்ததா, தீயணைப்புக் கைப்பிடி உள்ளே போனதா, ட்ரிம் மூன்றும் டேக்-ஆஃப் நிலையிலா, பவர் மேனேஜ்மென்ட் திருகு எங்கே என்பதைப் பைலட்டுகளையே பார்க்கச் சொல்லுங்கள். ரட்டர் ட்ரிம் பழைய ஒற்றை எஞ்சின் நிலையிலேயே இருந்தால் அடுத்த டேக்-ஆஃபில் விமானம் பக்கவாட்டில் ஓடும், "சிம் இழுக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். சுழல்விசிறி சொன்ன ஏடிபிசிஎஸ் விஷயமும் இங்கே வரும். அது தரையில்தான் ஆர்ம் ஆகும். நேரம் மிச்சம் பிடிக்க வானில் ரீபொசிஷன் செய்து எஞ்சினை நிறுத்தினால் ஆட்டோ-ஃபெதர் வராது. சாஃப்ட்வேரில் குறை எதுவும் இல்லை, விமானமும் அப்படித்தான்.

ஃப்ரீஸ் (சிமுலேட்டரை நடுவில் நிறுத்திவைப்பது) செய்திருக்கும்போது யோக்கைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கையை எடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால், ஃப்ரீஸை நீக்கிய நொடியில் மூக்கு குத்தும் அல்லது தூக்கும். ஐஓஎஸ்ஸில் லிவர் நிலை பொருந்தவில்லை என்று செய்தி வந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

குமட்டல் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது ரீபொசிஷன் செய்தால் உலகமே பக்கவாட்டில் வழுக்கும், உடம்பு அசையாது. கண்ணும் காதும் முரண்படுவதுதான் குமட்டலுக்குக் காரணம். காட்சியை அணைத்துவிட்டு நகர்த்துங்கள், அந்த வசதி இல்லையென்றால் தலையைக் குனிந்து சார்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்பத்தின் நடுவில் ஃப்ரீஸ் செய்வதைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்று, சிமுலேட்டரைத் தாங்கும் ஆறு கால் மேடையால் தொடர்ந்து ஜி விசையைத் தர முடியாது. முடுக்கத்தின் முதல் தள்ளலைக் கொடுத்துவிட்டு, உங்களுக்குத் தெரியாத வேகத்தில் மெல்லத் திரும்பி வந்துவிடும். நீண்ட முடுக்கத்தைக் காட்ட மேடையையே சாய்த்து ஈர்ப்பு விசையைப் பயன்படுத்துகிறோம். ஆகவே அப்செட் ரெக்கவரியில் (நிலைகுலைந்த விமானத்தை மீட்பது) பைலட் இழுத்த ஜி எவ்வளவு என்பதை முதுகின் உணர்வை வைத்துச் சொல்லாதீர்கள். ஐஓஎஸ்ஸில் அதற்கென்றே வி-என் (வேகம்-ஜி) வரைபடமும் ஆல்ஃபா-பீட்டா (காற்றைத் தாக்கும் கோணம்-பக்கச் சறுக்கல்) வரைபடமும் இருக்கும், அவற்றைப் பாருங்கள். கோடு எல்லைக்கு வெளியே போய்விட்டால் அந்த நொடிக்குப் பிறகு சிமுலேட்டர் காட்டுவது சோதித்த தரவு இல்லை, அதை வைத்து எதையும் கற்பிக்கக் கூடாது.

கடைசியாக ஸ்னாக் எழுதுவது. "ரட்டர் கனமாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதினால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எடை, சிஜி (ஈர்ப்பு மையம்), ஃபிளாப், வேகம், உயரம், மோஷன் ஆனா ஆஃபா, எத்தனை மணிக்கு, எந்தக் கோளாறு செயலில் இருந்தது என்பவற்றை எழுதுங்கள். அதே நிலையை நாங்கள் அமைத்துப் பார்த்து, அளவுச் சோதனைத் தரவோடு ஒப்பிடுவோம். தொடுவானம் நெளிந்து தெரிந்தால் கண்ணாடிப் படலத்தின் வெற்றிடம் குறைந்திருக்கலாம். இரண்டு புரொஜெக்டர் சேரும் இடத்தில் நிறம் மாறித் தெரிந்தால் எந்த இருக்கையிலிருந்து, பகல் காட்சியிலா இரவிலா என்று குறிப்பிடுங்கள். செஷன் தொடங்கும் முன் நேவிகேஷன் டேட்டாபேஸின் 28 நாள் சுழற்சி தேதியையும், தள்ளிவைக்கப்பட்ட பழுதுகளின் பட்டியலையும் படிப்பது உங்கள் வேலை. பட்டியலில் இருக்கும் பழுது உங்கள் பயிற்சியைப் பாதித்தால் அந்தப் பயிற்சியை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். "பரவாயில்லை, உண்மையான விமானத்தில் இப்படி இருக்காது" என்று சொல்லி ஓட்டினால், கை பழகுவது அந்தப் பழுதான நடத்தைக்குத்தான்.

---

இடதுஇருக்கை:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆறுகால் சார், வானில் ரீபொசிஷன் விஷயம் எந்தக் கையேட்டிலும் என் கண்ணில் படவில்லை.

ஐசிங் பற்றி யாராவது சொல்ல முடியுமா? தென்னிந்திய ரூட்டில் கனமான ஐஸ் அடிக்கடி வருவதில்லை. எஃப்ஓக்களில் (துணை பைலட்டுகளில்) சிலருக்கு அது புத்தகப் பாடமாகவே இருக்கிறது.

---

மேகவிளிம்பு பதில்:

அதனால்தான் சிமுலேட்டரில் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். பருவமழை மேகத்துக்குள் 16,000, 17,000 அடியில் போகும்போது அது எந்த நாளும் நிஜமாகலாம். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே விழுந்த ஏடிஆர் 72-ல் 68 பேர் இறந்தார்கள். உறைதூறலில் காத்திருப்புச் சுற்றில் இருந்த விமானம், பூட் (ஐஸை உடைக்க ஊதும் ரப்பர் உறை) இருக்கும் பகுதிக்குப் பின்னால் ஐஸ் படிந்து, எய்லரான் தானாக அடித்துக்கொண்டது. 2024 ஆகஸ்ட் 9 அன்று பிரேசிலின் வின்யெடோவில் வோபாஸ் 2283 ஐசிங் சூழலில் ஸ்டால் ஆகிச் சுழன்று விழுந்ததில் 62 பேர். இரண்டுக்கும் இடையே முப்பது வருடம், பூட்டும் எச்சரிக்கையும் பயிற்சியும் எவ்வளவோ மாறின. ஆனாலும் ஐஸ் ஏறிய டர்போபிராப்பில் வேகம் குறைவதை ஒருவர் சத்தமாகச் சொல்லாவிட்டால் கதை பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.

அமைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஐஓஎஸ்ஸில் "ஐசிங்" பட்டனை அழுத்தினேன், ஐஸ் வரவில்லை என்பார்கள். வெப்பநிலையைப் பாருங்கள். சென்னைக்கு வழக்கமாகப் போடும் ஐஎஸ்ஏ (திட்ட வளிமண்டலம்) பிளஸ் 15-ஐ அப்படியே விட்டால், 14,000 அடியில் திட்ட வெப்பம் மைனஸ் 13, அதோடு 15 கூட்டினால் பூஜ்யத்துக்கு மேல். ஐஸ் எப்படிப் படியும்? மேக அடுக்கு நீங்கள் பறக்கும் உயரத்தை மூடியிருக்க வேண்டும், வெளி வெப்பநிலை மைனஸ் 5-லிருந்து மைனஸ் 10 வரை வரும்படி திருத்துங்கள். ஏடிஆரின் வரையறைப்படி பறக்கும்போது டிஏடி (கருவி காட்டும் மொத்தக் காற்று வெப்பம்) 7 டிகிரி அல்லது அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியும் ஈரம் இருந்தாலே ஐசிங் சூழல்தான். லெவல் 2, அதாவது ஹார்ன் (கட்டுப்பாட்டுப் பரப்புகளின் முனைப் பகுதி), பிரொப்பெல்லர், பக்கக் கண்ணாடிச் சூடு, அங்கேயே போட வேண்டும். ஐஸ் படிவதைக் கண்டால்தான் லெவல் 3, இறக்கை பூட்.

"சிவியர்" என்பதை நேராகப் போடாதீர்கள். முதலில் மிதமாகப் போட்டு ஆறேழு நிமிடம் விடுங்கள். குரூஸில் வேகம் பத்து நாட் குறையும்போது யார் முதலில் கவனிக்கிறார்கள் என்பதுதான் பாடம். ஏபிஎம் (விமானத்தின் செயல்திறனைக் கண்காணிக்கும் அமைப்பு) வரிசையாகச் சொல்லும்: குரூஸ் ஸ்பீட் லோ, டிகிரேடட் பெர்ஃப், கடைசியில் இன்கிரீஸ் ஸ்பீட். முதல் செய்திக்கு முன்பே ஒரு குழு பேச ஆரம்பித்தால் நல்லது. இரண்டாவது செய்தி வந்த பிறகும் ஆட்டோபைலட்டை நம்பி மூக்கைத் தூக்கவிட்டிருந்தால் அங்கே நிறுத்தி வேகத்தைக் காட்டுங்கள். பக்கக் கண்ணாடியில் ஐஸ் பரவுவது போன்ற சிவியர் அறிகுறிகள் வந்தால் மெமரி ஐட்டம்: ஐசிங் வேகத்துக்கு மேல் பத்து நாட், எம்சிடி (தொடர்ந்து தரக்கூடிய அதிகபட்ச பவர்), கண்டிஷன் லிவர் 100 சதவீத ஓவர்ரைடு, யோக்கை இறுகப் பிடித்து ஆட்டோபைலட்டை எடுப்பது, வெளியேறுவது. "இறுகப் பிடித்து" என்பதை வாயால் சொல்லி விரல் நுனியால் பட்டனை மட்டும் அழுத்துகிறவர்கள் நிறைய. ஆட்டோபைலட் தாங்கிக்கொண்டிருந்த ஒருபக்க இழுப்பு, எடுத்த நொடியில் முழுதாகக் கையில் விழும்.

லெவல் 2 போட்டால் ஐசிங் ஏஓஏ (காற்றைத் தாக்கும் கோணம்) விளக்கு எரிந்து ஸ்டால் எச்சரிக்கை முன்னதாகவே வரும். வேக பக்-ஐ (வேகக் குறியை) ஐசிங் அளவுக்கு ஏற்றாமல் அப்ரோச்சுக்கு வந்தால், ஸ்டால் எச்சரிக்கையாக யோக்கை அதிரவைக்கும் ஷேக்கர் அடிக்கும். பைலட்டுக்கு அது திடீரென வந்ததாகத் தோன்றும், உங்களுக்குப் பத்து நிமிடம் முன்பே தெரிந்திருக்கும். சொல்லிவிடாதீர்கள், வரட்டும். ஷேக்கர் அடித்ததும் கை முன்னே போகிறதா பின்னே போகிறதா என்று பாருங்கள். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் 3407, க்யூ400, ஷேக்கருக்கு எதிராக யோக்கை இழுத்ததால் ஸ்டால் ஆகி விழுந்தது, 50 பேர் இறந்தார்கள். "உயரம் இழக்காமல் மீள்" என்று பல வருடம் சொல்லிக்கொடுத்த பழைய பயிற்சி முறை அதன் பிறகுதான் உலகம் முழுவதும் கைவிடப்பட்டது. முதலில் மூக்கை இறக்கு, மற்றது பிறகு. உங்கள் செஷனில் உயர இழப்புக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

---

நீலமை பதில்:

குறிப்பும் டீபிரீஃபிங்கும் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

ஒரு தாளை மூன்று பத்தியாக மடித்துக்கொள்ளுங்கள்: நேரம், கண்டது, கேட்டது. "எஞ்சின் ஃபெயிலியர் சுமார்" என்று எழுதினால் ஒரு மணி நேரம் கழித்து உங்களுக்கே புரியாது. "10:42, வி1+1, இடப்பக்கம் 7 டிகிரி, கியர் அழைப்பு தாமதம், பிஎம் ஒன்றும் சொல்லவில்லை" (பிஎம் என்பது கண்காணிக்கும் பைலட்) என்று எழுதினால் பைலட்டால் மறுக்கவும் முடியாது, புண்படவும் தேவையில்லை. காரணத்தை அப்போதே எழுதாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்.

டீபிரீஃபிங்கில் "எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "பரவாயில்லை சார்" என்று முடிந்துவிடும். ஒரு நொடியைக் குறித்துக் கேளுங்கள்: "கியர் மேலே போன பிறகு, உங்கள் கண் முதலில் எங்கே போனது?" பிறகு அமைதியாக இருங்கள். பத்து நொடி மௌனத்தைத் தாங்கத் தெரிந்தால் உண்மையான பதில் வரும். நம் ஊர்ப் பழக்கத்தில் எஃப்ஓ கேப்டன் முன்னால் வாய் திறக்கத் தயங்குவார். அதனால் எஃப்ஓவிடம் முதலில் கேளுங்கள். கேப்டன் பேசிய பின் கேட்டால் "கேப்டன் சொன்னதுதான் சார்" என்பார். பத்து குறை கண்டிருந்தாலும் இரண்டை எடுங்கள், அடுத்த ஃப்ளைட்டில் அவர் கையில் எடுத்துப்போகக் கூடியவையாக இருக்கட்டும்.

ஐகாவோவின் (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) திறன் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மதிப்பெண்ணிலிருந்து தொடங்காமல் நடந்ததிலிருந்து தொடங்குங்கள். ஹெடிங் விலகியது கைத்திறன் குறைவாலா, அல்லது பிஎம் விலகலைச் சொல்லாததாலா? முதலாவது என்றால் இன்னொரு வி1 கட் கொடுக்கலாம். இரண்டாவது என்றால் எத்தனை வி1 கட் கொடுத்தாலும் பயனில்லை, பேச்சைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ரெக்கார்டிங் இருந்தால் முப்பது நொடிக்கு மேல் ஓட்டாதீர்கள். முழுதாக ஓட்டினால் தன் குரலைக் கேட்டுக் கூச்சப்படுவதில் நேரம் போய்விடும்.

பயிற்சியும் சோதனையும் கலக்கக் கூடாது. பிபிசி (பைலட் திறன் சோதனை) நாளில் நீங்கள் பின்னால் இருந்தால், "இன்று சொல்லித்தர மாட்டேன்" என்பதை பிரீஃபிங்கிலேயே சொல்லிவிடுங்கள். ஏடிசி, கேபின் க்ரூ, தரை எஞ்சினியர் எல்லாம் நீங்கள்தான். அந்தக் குரல்களில் குறிப்பு கசியக் கூடாது. மேடே சொன்ன விமானத்திடம் உண்மையான கன்ட்ரோலர் கேட்பதைத்தான் கேளுங்கள்: எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள், என்ன உதவி. அவர்கள் கைகள் நிறைந்திருக்கும் நொடியில் கேளுங்கள், "ஸ்டாண்ட்பை" சொல்லத் துணிகிறார்களா என்று பார்க்கலாம்.

வெளிநாட்டு வேலை நினைப்பில் இதைப் படிப்பவர்களுக்கு: ஈஏஎஸ்ஏ (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு) விதிப்படி எஸ்எஃப்ஐ சான்றுக்கு மல்டி-பைலட் விமானங்களில் 1,500 மணி நேரம், அந்த வகைக்கான திறன் சோதனை சிமுலேட்டரில் கடந்த 12 மாதத்துக்குள் முடித்திருக்க வேண்டும். சான்று மூன்று வருடம் செல்லும். நடப்பு லைசென்ஸ் இல்லாவிட்டாலும் முன்பு வைத்திருந்தால் போதும் என்பதால், மெடிக்கல் போனவர்களுக்கும் இந்த வேலை திறந்திருக்கிறது.

---

சுழல்விசிறி:

நீலமை சொன்ன ரெக்கார்டிங் கணக்கில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. லிவர் கன்ஃபர்மேஷனுக்கு முப்பது நொடி போதாது. எச்சரிக்கை மணியிலிருந்து எரிபொருள் ஷட்-ஆஃப் வரை முழுதாகக் காட்டினால்தான் யார் அவசரப்படுத்தினார்கள் என்று தெரியும். மற்றதற்கு அவர் சொல்வது சரி.

இன்னொன்று விட்டுப்போனது, குறுகிய ரன்வே. லட்சத்தீவின் அகத்தி 1,204 மீட்டர்தான். சிமுலேட்டரில் தரை நெருங்கும் உணர்வு உண்மையைப் போல இருக்காது, அதனால் ஃப்ளேரின் நயத்தை அதில் கற்றுக்கொடுக்க முயல வேண்டாம். வேகம், தொடும் இடம், தொட்ட பின் கை என்ன செய்கிறது என்ற மூன்றையும் பாருங்கள். கிரவுண்ட் ஐடிலுக்கு வந்ததும் இரண்டு லோ பிட்ச் விளக்கும் (பிரொப்பெல்லர் இலைக்கோணம் குறைந்ததைக் காட்டுபவை) எரிந்ததா என்று பிஎம் சொல்லாமல் ரிவர்ஸ் போகக் கூடாது. ஒரு விளக்கை மட்டும் எரியவிடாமல் ஒரு லேண்டிங் கொடுங்கள். கை பழக்கத்தில் பின்னால் போகும், நேராக ஓடுவது கஷ்டமாகும், பாடம் அவர்களுக்கே புரிந்துவிடும்.

---

இடதுஇருக்கை:

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன், மிகவும் நன்றி. ஒரே ஒரு கேள்வி. டிரான்ஸ்ஏசியா மாதிரி, எஞ்சின் ஓடும்போதே பிரொப்பெல்லர் மட்டும் ஃபெதர் ஆவதை எங்கள் ஐஓஎஸ்ஸில் தேடினேன். எஞ்சின் பக்கத்தில் ஃபிளேம்-அவுட், தீ, ஆயில் பிரஷர்தான் இருக்கின்றன.

---

ஆறுகால்:

எஞ்சின் பக்கத்தில் இருக்காது. கோளாறுப் பட்டியல் ஏடிஏ எண்படி அடுக்கப்பட்டிருக்கும், 61-ஐத் திறங்கள், பிரொப்பெல்லர். ஆட்டோ-ஃபெதர் சம்பந்தப்பட்டவை அங்கே இடம், வலம் என்று தனித்தனியாக இருக்கும். ஆர்ம் விளக்கு எரியாமல் செய்வதும் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான். முதல் முறை பைலட்டுகள் இல்லாமல் பராமரிப்பு நேரத்தில் வந்து ஓட்டிப் பாருங்கள். டார்க், என்பி (பிரொப்பெல்லர் சுழற்சி வேகம்), ஐடிடி (டர்பைன் வெப்பம்) மூன்றும் திரையில் எப்படி அசைகின்றன என்பதை நீங்கள் முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் எஞ்சினியரிடம் ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் அரை மணி நேரம் ஒதுக்கித் தருவார்கள்.